ஒயில் லைட் எரிந்த கிழமை

ஜூன் 4, புதன்

விட்டு விட்டு மழை. காலை மீட்டர் 71,361. ஒயில் கோடு வரை. தண்ணீர் சரி. இடது பின் டயருக்குக் காற்று போதாது.

இன்று செய்ய வேண்டியது: பக்கத்து வீட்டு மேரியை கஹவத்தை கிளினிக்கில் விடுவது. எனக்குப் பிரஷர் குளிசை. அரிசி மா. கறுப்பு நூல் ஒரு உருண்டை.

ஒன்றும் நடக்கவில்லை.

ஃபெக்டரி வளைவில் ஏறும்போது சிவப்பு லைட் எரிந்தது. ஒயில் லைட். சாவி போட்டால் அது எரிய வேண்டும், எஞ்சின் பிடித்து ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் அணைய வேண்டும். ஓடும்போது எரிந்து நான் கண்டதில்லை. வீட்டுக்காரர் இருந்த காலத்திலும் கண்டதில்லை. அவர் எனக்கு ஓட்டப் பழக்கியபோது முதல் நாள் சொன்னது பிரேக்கைப் பற்றி இல்லை, இதைப் பற்றித்தான். சிவப்பைக் கண்டால் யோசிக்காதே, எஞ்சினை நிறுத்து, பிறகு யோசி. நிறுத்தினேன். நடு வளைவு, பின்னால் தேயிலைக் கொழுந்து லொறி. ஹோர்ன் அடித்தான். அடிக்கட்டும்.

மேரி பயந்துவிட்டாள். "என்னக்கா, என்னா ஆச்சி?"

"பிரஷர் எறங்கிடுச்சி" என்றேன்.

கதவைத் திறந்தவள் மழையில் தேத்தண்ணிக் கடைக்கு ஓடி ஒரு கிளாஸ் உப்புத் தண்ணீரோடு வந்தாள். "குடிங்கக்கா. அப்பிடியே சாஞ்சிக்கிங்க."

"எனக்கில்லடி, காருக்கு."

"காருக்குமா பிரஷர் இருக்கு?"

"இருக்கு. ஒனக்கும் எனக்கும் ஏறும், அதுக்கு எறங்கும்."

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே சிரிப்பு இல்லை.

பொனட்டைத் திறந்து ஒயில் அளக்கிற கோலை இழுத்துத் துடைத்துத் திரும்ப விட்டுப் பார்த்தேன். ஒயில் கோட்டிலேயே நிற்கிறது. காருக்குக் கீழே ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. ஒயில் இருக்கிறது, பிரஷர் இல்லை. இதுதான் பயம். ஒயில் குறைந்திருந்தால் ஊற்றிவிட்டுப் போகலாம்.

நிமல் பாஸுக்கு போனில் கோல் எடுத்தேன். டவுனில் கராஜ் வைத்திருக்கிற சிங்கள மெக்கானிக், முப்பது வருடமாக இந்தக் காரை அவர் ஒருவர்தான் பிரிப்பார், பூட்டுவார். வந்து, ஸ்டார்ட் பண்ணவே விடவில்லை. தோட்டத்து டிராக்டரில் கட்டி இழுத்துப் போனார்கள். ஸ்டியரிங்கில் நான். டிராக்டருக்குப் பின்னால் தலை குனிந்து போனது அதுவா நானா தெரியாது. இந்தத் தோட்டத்தில் லைசன்ஸ் எடுத்த முதல் பொம்பளை நான். படித்தது அஞ்சாம் வகுப்பு. பரீட்சையில் கேட்ட பன்னிரண்டு கேள்விக்கும் சிங்களத்திலேயே பதில் சொன்னவள்.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்று இரண்டு நாளாக இருந்தேன். திங்கட்கிழமை பின்னேரம் மகன் சேகர் கிணற்றடியில் நின்று யாரோடோ போனில் பேசினான். "இல்லம் நல்ல இல்லம்தான்னு சொல்றாங்க. அம்மாவுக்கு இப்ப தெரிய வேணாம். ஒரு மாசத்துல முடிச்சிரலாம்."

இல்லம். மேல் லயத்து வீட்டு ராக்காயியை அவள் மகன் இரத்தினபுரியில் சிஸ்டர்மார் நடத்துகிற முதியோர் இல்லத்தில் விட்டு வந்ததை மருமகள் பத்மா போன மாதம்தான் சொன்னாள். "நல்லா பாத்துக்கிறாங்களாம் மாமி" என்று சேர்த்துச் சொன்னாள். அப்போது அது வெறும் பேச்சு என்று நினைத்தேன்.


ஜூன் 5, வியாழன்

காலை வெயில், பத்து மணிக்கு மேல் மழை. கராஜுக்கு பஸ்ஸில். நின்றுகொண்டே. காரில் போனவள் பஸ்ஸில் போனால் ஏழு பேர் காரணம் கேட்பார்கள். கேட்டார்கள்.

பாஸ் முதலில் லைட்டைத்தான் சந்தேகப்பட்டார். சில நேரம் எஞ்சின் நன்றாக இருக்கும், எஞ்சினில் இருக்கும் சின்ன ஸ்விட்ச் பழுதாகி லைட் பொய்க்கு எரியும். ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் ஒரு மீட்டரைப் பூட்டினார். எஞ்சின் பிடிக்காதபடி வயரை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டார். முள் அசையவில்லை. இன்னொரு தடவை. நடுங்கியது, படுத்துவிட்டது.

"லைட் பொய் சொல்லல அக்கே" என்றார்.

பிறகு ஒயிலை விரலில் தொட்டு மோந்து பார்த்தார். பெட்ரோல் மணம் இல்லை. வெள்ளையாகத் தண்ணீர் கலக்கவும் இல்லை. பிரஷர் கூடினால் திறந்து விடுகிற வால்வு ஒன்று இருக்கிறது, அது திறந்தபடி இறுகிவிட்டாலும் இப்படித்தான் ஆகுமாம். கழற்றினார். ஸ்பிரிங் நல்லது, வால்வு நல்லது.

இனி இரண்டுதான். ஒயில் பம்ப், அல்லது அதற்குக் கீழே சம்பில் ஏதாவது. சம்ப் என்றால் எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கிற தட்டு. அதைக் கழற்ற இரண்டு மூன்று நாள் வேண்டும், கையில் வேறு வேலையும் இருக்கிறது என்றார்.

"பேரிங் போயிருக்குமா பாஸ்?" என்று கேட்டேன். அது போனால் எஞ்சின் முடிந்தது. இந்த வயதுக் காருக்கு இனி எங்கே போய் எஞ்சின் தேட.

"பிரிச்சிப் பாத்தாத்தான்."

வீட்டில் சோறு தின்னும்போது சேகரிடம் சொன்னேன். தட்டைப் பார்த்தபடியே சொன்னான், "நீங்க கண்ணு ஆபரேஷனுக்குப் போயிருந்தப்ப ஒயில் மாத்தணும்னு பாஸ்கிட்ட குடுத்தேன்ல. கடைசியா கை வச்சது அவர்தானேம்மா."

எனக்குத் தெரியாது அது. பாஸும் சொல்லவில்லை. கண் ஆபரேஷன் இரத்தினபுரியில், அதன் பிறகு மூன்று கிழமை குருவிட்டையில் தங்கச்சி வீடு. மழைக்குக் கார் வேண்டாம் என்று சேகர் சொன்னதால் போனதும் வந்ததும் பஸ்ஸில்தான்.

அப்படியென்றால் பாஸ் பம்பை மாற்றிவிட்டாரா. பழைய பம்பைப் போட்டுவிட்டு நல்லதை எடுத்துவிட்டாரா. இந்தக் காலத்தில் அந்தப் பம்ப் எங்கேயும் கிடைக்காது.

சாயங்காலம் கால் வீக்கம். குளிசை இன்னும் வாங்கவில்லை.


ஜூன் 6, வெள்ளி

கோயிலுக்குப் போகவில்லை. கராஜுக்குப் போனேன்.

கேட்டுவிட்டேன். அங்கே நான்கு பேர் நின்றார்கள், வான் ஓட்டுகிறவர்கள். "நான் இல்லாத நேரம் காரைத் தொட்டீங்களா பாஸ்?"

"இல்ல அக்கே. மார்ச்ல நீங்க இருந்து மாத்தின ஒயில்தானே அது. பெறகு நான் கண்ணால பாக்கல்ல."

"என் மகன் கொண்டாந்து குடுத்தேன்னு சொல்றான்."

அவர் கையில் இருந்த துணியை மடித்தார், விரித்தார். எனக்கு அது குற்றவாளியின் கை மாதிரித் தெரிந்தது. "வீட்டுக்காரர் போன பெறகு பொம்பளைதானேன்னு பம்பை மாத்திட்டீங்க" என்று சொல்லிவிட்டேன். வான்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"ஹரி அக்கே", சரி அக்கா, என்றார். அவ்வளவுதான். முகம் கறுத்துவிட்டது.

வீட்டுக்காரர் சாவு வீட்டில் மூன்று நாள் கூரைத் தகரம் கட்டி விளக்குப் போட்டது இந்த மனிதர். பஸ்ஸில் வரும்போது அது நினைவு வந்தது. ஆனால் மகன் பொய் சொல்வானா. பெற்ற மகனா, பாஸா என்றால் நான் யாரை நம்புவது.


ஜூன் 7, சனி

பெருமழை. கீழ் ரோட்டில் மண் சரிந்து பஸ் இல்லை.

பேத்தி திவ்யா கம்பஸிலிருந்து கோல் எடுத்தாள். "அப்பாயி, கார் எப்பிடி?" என்றுதான் முதலில் கேட்பாள். எங்கள் வம்சத்தில் கம்பஸ் போன முதல் பிள்ளை. ஹொஸ்டலில் விட நான்தான் காரில் கொண்டுபோய் இறக்கினேன். வாசலில் பெரிய பெரிய வண்டிகள், எல்லாரும் எங்கள் பழங்காலத்து ஸ்ரீ நம்பர் காரைத்தான் படம் பிடித்தார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான்.

"காருக்குக் கொஞ்சம் சுகமில்ல" என்றேன். இல்லத்தைப் பற்றிச் சொல்லவில்லை. பிள்ளை படிக்கட்டும்.

தகரப் பெட்டியைத் திறந்து துணிகளைப் பார்த்தேன். இல்லத்துக்கு எத்தனை சேலை கொண்டுபோக விடுவார்கள். மூன்று எடுத்து வைத்தேன். பிறகு கோபம் வந்து உள்ளே திணித்துப் பூட்டினேன்.


ஜூன் 9, திங்கள்

நேற்று எழுதவில்லை.

இன்று பத்து மணிக்கு பாஸ் கோல். "அக்கே, தனியா வாங்க" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

காரை முட்டுக் கொடுத்துத் தூக்கி வைத்திருந்தார். சம்ப் இன்னும் கழற்றவில்லை. கீழே ஒரு உர பேக்கை விரித்தார், டோர்ச்சைக் கையில் தந்தார். "நான் கழட்ட முந்தி நீங்களே பாருங்க. பெறகு நான் செஞ்சதுன்னு சொல்லக் கூடாது."

அறுபத்தெட்டு வயது. சேலையைச் செருகிக்கொண்டு காருக்கு அடியில் போய் மல்லாக்கப் படுத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. சம்பின் நடுவில் உள்ளங்கை அளவு பள்ளம், கல்லில் ஏறி அடிபட்டது. அதற்கு மேல் கறுப்புப் பெயின்ட். சுற்றிலும் வருடக்கணக்கான அழுக்கு, அந்த இடம் மட்டும் பளபளப்பு. பெயின்டில் பிரஷ் மயிர் ஒன்று ஒட்டிக் கிடந்தது.

அந்தக் கறுப்பு எனக்குத் தெரியும். சித்திரை வருசத்துக்கு எங்கள் வீட்டுக் கேட்டுக்கு அடித்த பெயின்ட். அந்தப் பிரஷும் தெரியும், முதல் நாளே மயிர் கொட்டுகிறது என்று கடைக்காரனைத் திட்டியது நான்தான்.

எழும்ப முடியவில்லை கொஞ்ச நேரம். முதுகு என்று பாஸ் நினைத்தார்.

சம்பைக் கழற்றிக் காட்டினார். பள்ளம் மேலே தள்ளி, ஒயிலை உறிஞ்சுகிற குழாயின் ஒட்டு வெடித்திருக்கிறது. முதலில் மயிர் அளவு வெடிப்பு. ஓட ஓட அகலமாகி, புதன்கிழமை ஏற்றத்தில் முழுதாகப் பிளந்தது. பம்ப் ஒயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சியிருக்கிறது. அதுதான் ஒயில் இருந்தும் பிரஷர் இல்லை. பம்ப் எங்கள் பழைய பம்ப்தான், வீட்டுக்காரர் ஆணியால் கீறிய அடையாளம் அப்படியே இருந்தது.

"பேரிங்?"

"கோடுதான் விழுந்திருக்கு. நீங்க ஒடனே நிப்பாட்டினது நல்லம். இன்னும் அஞ்சு நிமிஷம் ஓடியிருந்தா இந்தக் கார் கோழிக்கூடுதான்."

வீட்டுக்கு எடுத்துப் போக டிக்கியில் இருந்த குடையையும் சாக்கையும் எடுத்தேன். ரப்பர் விரிப்பு ஏதோ மேடாக இருந்தது. தூக்கினேன். அடியில் சரளை. மஞ்சள் களிமண் ஒட்டிய உருண்டைச் சரளை, மூலை மூலையாக.

பாஸ் எட்டிப் பார்த்தார். "இல்லம் நே" என்றார்.

இரத்தினபுரிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். மாணிக்கக் குழியில் கல் கிடக்கிற சரளைக்குச் சிங்களத்தில் இல்லம் என்றுதான் பெயர். குழி வெட்டுகிறவன் தமிழனானாலும் இல்லம் என்றுதான் சொல்வான். எனக்கு இது தெரியாதா. தெரியும். ஆனால் என் மகன் வாயில் அந்தச் சொல் வந்தபோது, அம்மாவுக்குத் தெரிய வேணாம் என்பதும் கூட வந்ததால், காது தமிழ் இல்லத்தை எடுத்துக்கொண்டது.

ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. என்னைக் கொண்டுபோய் விடப் போவதில்லை. அடுத்த நிமிடம் பெயின்ட் நினைவு வந்தது.

சரளையை ஒரு பால்மா டின்னில் அள்ளிக்கொண்டேன்.


ஜூன் 10, செவ்வாய். பொசன் போயா

பௌர்ணமி, ஃபெக்டரி லீவு. சேகர் வீட்டில். ரோட்டில் போயாவுக்கு அன்னதானம் கொடுக்கிற தன்சலுக்கு ஸ்பீக்கர் போட்டு பாட்டு.

பகல் சோறு போட்டேன். பருப்பு, பலாக்கொட்டை. தட்டுக்குப் பக்கத்தில் டின்னை வைத்தேன். பத்மா ஊறுகாய் என்று நினைத்துத் திறந்தாள்.

சேகர் பார்த்தான். பிசைந்த கை நின்றது.

"இது என்னா?" என்றேன்.

"சரளைம்மா."

"பேரு இருக்குல்ல அதுக்கு. பேரைச் சொல்லு."

"இல்லம்."

சொன்னான். மூன்று பேரோடு சேர்ந்து ஒரு குழி. பெர்மிட் இல்லை. அங்கே தண்ணீர் இல்லாததால் கழுவ ஓயா ஆற்றுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். லொறியில் ஏற்றினால் பொலிஸ் நிறுத்தும்.

"ஒங்க காரை யாரும் நிறுத்த மாட்டாங்கம்மா. ஜங்ஷன்ல நிக்கிறவன்கூட சலாம்தான் போடுவான்."

பெருமையாகச் சொல்வது போலச் சொன்னான். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. இருபது வருடம் நான் ஒழுங்காக ஓட்டிச் சேர்த்த சலாம். அதற்குள் மூட்டையை ஒளித்து வைத்திருக்கிறான்.

"கல்லுல அடிச்சது?"

"அந்தப் பாதையில வரும்போது. ஒழுகல. சரியாயிரும்னு நெனச்சேன்."

"பெயின்ட் அடிச்சா சரியாயிருமா? பாஸ் மேல ஏன்டா போட்ட?"

தட்டில் இருந்த பருப்பை ஒதுக்கினான்.

"கல்லு கெடச்சிச்சா?"

"இல்லம்மா."

"கெடச்சிருந்தா சொல்லியிருப்பியா?"

பத்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்போது நானும் சொன்னேன். கிணற்றடிப் பேச்சைக் கேட்டது, முதியோர் இல்லம் என்று நினைத்தது, மூன்று சேலை எடுத்து வைத்தது. அவன் முகம் போன போக்கு. "என்னையப் போயி அப்பிடி நெனச்சீங்களாம்மா? நான் அப்பிடிப்பட்டவனா?" கண் நிறைந்துவிட்டது அவனுக்கு. பாதிச் சோற்றில் எழும்பினான்.

"சாமி மாடத்துல இருக்க சாவியைக் கேக்காம எடுக்கிறவன்னும் நான் நெனக்கலய்யா" என்றேன்.

வாசலில் நின்று சொன்னான், "ஒரே ஒரு தடவதாம்மா போனேன்."

அது நெஞ்சில் பட்டது. ஒரே தடவை. ஏழைப் பிள்ளை ஆசைப்பட்டான், ஒரு தடவை. மன்னித்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு இந்தப் புத்தகத்தை எடுத்தேன்.

பங்களா டிரைவர்கள் எல்லாரும் ரன்னிங் சார்ட் எழுத வேண்டும். தேதி, எங்கே, மீட்டர், ஒயில். பெரிய தொரை போகும்போது இந்தக் காரை டிரைவராக இருந்த என் வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போன பிறகும் அவர் எழுதுவதை விடவில்லை. அவருக்குப் பிறகு நான். இரத்தினபுரி போய் வர 34 மைல், கஹவத்தை போய் வர 9 மைல், எல்லாம் அதில் வருடக்கணக்காக இருக்கிறது.

ஆபரேஷனுக்குப் போகும் முன் எழுதியது 71,206. திரும்பி வந்து எழுதியது 71,324. இரண்டும் அடுத்தடுத்த வரி. என் கையெழுத்து. நான் எழுதினேன், கழித்துப் பார்க்கவில்லை. பிள்ளை வீட்டில் இருக்கும்போது எந்தத் தாய் கழித்துப் பார்ப்பாள்.

118 மைல். ஒரு தடவைக்கு.


ஜூன் 11, புதன்

தூறல். பாஸ் குழாயைப் பித்தளை வைத்து ஒட்டி, சம்பைத் தட்டி நிமிர்த்தி, பூட்டிவிட்டார். நாளைக்கு எடுக்கலாம்.

குளிசை வாங்கினேன். நூல் வாங்கினேன்.

சேகர் என் முகத்தைப் பார்க்காமல் வேலைக்குப் போனான். பத்மா சொன்னாள், "அவர் ராவெல்லாம் தூங்கல மாமி. நீங்க அப்பிடி நெனச்சதுதான் தாங்கலயாம்."

எனக்கும் அது உறுத்தியது. பெற்ற பிள்ளையை அப்படி நினைத்தேனே.


ஜூன் 12, வியாழன்

வெயில், ஒரு வாரத்துக்குப் பிறகு.

கராஜில் இன்றும் வான்காரர்கள். நல்லதாகப் போயிற்று. நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும்.

"அன்னைக்கி நான் சொன்ன சொல்லு தப்பு பாஸ். தொட்டது என் மகன். நீங்க இல்ல." சத்தமாகத்தான் சொன்னேன்.

"கமக் நே அக்கே" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல்ல" என்றார். அதையும் கேட்டுக்கொண்டேன். கேட்க வேண்டியதுதான்.

சாவி போட்டேன். சிவப்பு எரிந்தது. எஞ்சின் பிடித்தது. ஒன்று. அணைந்துவிட்டது. ஏற்றத்தில் எரியவில்லை, ஃபெக்டரி வளைவிலும் எரியவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரன், "அக்காவுக்குப் பிரஷர் சரியா?" என்று கத்தினான். கை காட்டினேன்.

சாயங்காலம் சேகரைக் கூப்பிட்டுப் புத்தகத்தையும் பேனையையும் கொடுத்தேன். நான் இல்லாத நாளில் கார் போன ஓட்டத்தை எல்லாம் எழுதித் தரச் சொன்னேன். 118 என்ற எண்ணை அவனுக்குக் காட்டவில்லை.

நின்றான். ஒரே தடவை என்ற பேச்சு இப்போது வரவில்லை. உட்கார்ந்து எழுதினான். குழியிலிருந்து ஓயா, திரும்ப வீடு, 21 மைல். அதன் கீழே இன்னொன்று. நாலு வரி, எல்லாம் 21. எழுத்து அவன் அப்பாவுடைய எழுத்து மாதிரியே இருக்கும்.

"அவ்வளவுதானா தம்பி?"

"அவ்வளவுதாம்மா. சத்தியமா." என் தலையில் கை வைத்தான்.

அவன் குளிக்கப் போன பிறகு கூட்டினேன். 84. கழித்தேன். மறுபடி கழித்தேன். பத்து கடன் வாங்கி, அஞ்சாம் வகுப்பில் டீச்சர் காட்டிக் கொடுத்த மாதிரி.

34. இரத்தினபுரி போய் வருகிற கணக்கு; கல் விற்கிறதும் அங்கே, ராக்காயி இருக்கிற இல்லமும் அங்கே.

குளித்துவிட்டு வந்தான். சோறு போட்டேன். ரசம் கேட்டான், ஊற்றினேன்.